சும்மா கிடந்த இசைத்தட்டுகள்

மாதங்கிக்கு அந்தப் பேச்சு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நினைவிருக்கிறது. மஹாளய அமாவாசைக்கு முந்தைய நாள் மாலை. கல்கத்தாவில், சால்ட் லேக் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கொலுப் பொம்மைகளைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாள்களை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் ஜலஜா சாந்தினி சௌக் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, முட்டையை வைப்பதுபோல மேஜைமேல் வைத்தாள். உள்ளே போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"ஏன்னா, ரூம்ல சுவரோரமா ரெண்டு பெட்டி இருந்ததே, எங்கே?"

மாமனார் ஜம்புநாதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்தப் பெட்டி?"

"ரெக்கார்டு பெட்டி."

"ஓ, அதுவா? கொடுத்தாச்சு."

"கொடுத்தாச்சுன்னா? யாருக்கு?"

"ப்ளாக் துர்கா பூஜைக்கு. இந்த வருஷம் அவா தீம் சங்கீதமாம். பந்தல் முழுக்கப் பழைய ரெக்கார்டாலேயே கட்டறா. பிமலேந்து பாபு காலம்பற தானே நேர்ல வந்து கேட்டார். செகரட்டரி, நம்ம வீட்டு வாசல்ல வந்து நிக்கறார். இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"இருங்கோ, அவளைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்றது."

"நீ ஆத்துல இல்லையே."

"சாந்தினி போனா சாயங்காலம் வந்துடுவேன். ஒரேயடியாவா போயிட்டேன்?"

"வேன் எடுத்துண்டு வந்திருந்தா, ஜலஜா. இதுல என்ன இருக்கு? எத்தனை வருஷமா சும்மாதானே கிடந்தது?"

ஜலஜா மேஜைமேல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிளேயருக்குப் புதிய ஊசியும் ரப்பர் பெல்ட்டும் அதற்குள் இருந்தன.

"அது சும்மா கிடக்கலை," என்றாள். "நான்தான் சும்மா இல்லை."

"சரி, இப்போ என்ன குடிமுழுகிப் போச்சு? எல்லாம் கேசட்ல இருக்கு. வேணும்னா அனந்த் கம்ப்யூட்டர்ல போட்டுத் தருவான்."

"உங்க மூக்குக்கண்ணாடியையும் சேத்துக் கொடுத்திருக்கலாமே! ராத்திரி பூரா அதுவும் ஸ்டூல் மேல சும்மாதான் கிடக்கு."

ஜம்புநாதன் பேப்பரை மடித்தார். மாதங்கி கையிலிருந்த செட்டியார் பொம்மையின் தலைப்பாகையை இருமுறை துடைத்தாள். அனந்தைக் கல்யாணம் செய்துகொண்டு எட்டு மாதம்தான். இந்த வீட்டில் எதற்குச் சிரிக்கலாம், எதற்குக் கூடாது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"மாதங்கி, செருப்பைப் போட்டுக்கோ," என்றாள் ஜலஜா. "போலாம்."

ஜலஜா அப்படிக் கோபப்பட்டு மாதங்கி அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஜலஜா மாமி என்றால் சாம்பார்தான். தெற்கிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் எந்த அதிகாரியும், குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை, முதல் வாரம் சாப்பிடுவது அவள் வீட்டில். அவர்கள் பெண்டாட்டிகளுக்கு எந்தக் கடையில் புழுங்கலரிசி கிடைக்கும், எந்த பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. காலையில் இத்தனையையும் முடித்துவிட்டு, கிடர்பூரில் துறைமுகக் கணக்குப் பிரிவுக்கு இரண்டு பஸ் மாறிப் போவாள். வங்காளி மொழியை அங்கே லாரிக்காரர்களிடமும் கப்பல் ஏஜெண்டுகளிடமும் பேசிப் பேசிக் கற்றாள். அது பாடப்புத்தக வங்காளி இல்லை. கொஞ்சம் காரமானது. எழுத்து மட்டும் அவளுக்கு வராது.

இசைத்தட்டுகள் எல்லாம் அவள் சம்பளத்தில், எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வாங்கியவை. நாகஸ்வரம், வாய்ப்பாட்டு, கொஞ்சம் ரவீந்திர சங்கீதம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வீணைத் தட்டு. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் பைரவி. கூட்ட பஸ்ஸில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த நாளைப் பற்றி அவள் மாதங்கியிடம் சொல்லியிருக்கிறாள். அதைவிட அதிகம் சொன்னது, அந்தப் பைரவியை ஒருமுறைகூடக் கடைசிவரை கேட்டதில்லை என்பதைத்தான். ஆலாபனை முடிந்து தானம் தொடங்கும்போது குக்கர் கத்தும். இல்லாவிட்டால் குழந்தை அழும். இல்லாவிட்டால் வாசல் மணி அடிக்கும், ராஞ்சியிலிருந்து யாராவது வந்து நிற்பார்கள். ஊசியைத் தூக்கி வைத்துவிட்டுப் போவாள். தொண்ணூறுகளில் பிளேயரின் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் தேடிக்கொண்டு யாரும் போகவில்லை, கேசட் பிளேயர் வந்தது. பெட்டிகள் பரண் ஏறின.

பரணில் அவற்றுக்கு ஒரு உத்தியோகமும் கிடைத்தது. கொலுவுக்கு ஐந்து படி வைப்பது ஜம்புநாதன் குடும்பத்து வழக்கம். வீட்டிலிருந்த டிரங்குப் பெட்டி, பலகை, ஸ்டூல் எல்லாம் சேர்த்தும் மூன்றாம் படி உயரம் குறைந்தது. இரண்டு ரெக்கார்டு பெட்டிகளையும் படுக்கப் போட்டு, மேலே பலகையும் வேஷ்டியும் விரித்தால் கணக்காக வந்தது. பத்து வருஷம், நவராத்திரிக்கு நவராத்திரி, கைலாச மலையும் கல்யாண ஊர்வலமும் பைரவியின் தலைமேல் உட்கார்ந்திருந்தன. இசைத்தட்டைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றக்கூடாது, நிற்க வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் ஜலஜாவுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவள் சொல்லாமல் இல்லை. "பத்து நாள்தானே," என்று பதில் வரும்.

விருப்ப ஓய்வு வாங்கிய மறு மாதமே அவள் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கினாள். "மூணாம் படிக்கு வேற வழி பாருங்கோ," என்று கணவரிடம் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இரும்புப் படி வாங்கி வந்தார். அந்த மழைக்காலம் முழுவதும் சமையலறை மேடையில் அவள் தட்டுகளைக் கழுவியதை மாதங்கி பார்த்திருக்கிறாள். கல்கத்தா ஈரத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சை. பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் குழந்தைக்குத் தேய்க்கும் ஷாம்பு ஒரு சொட்டு. பழைய வெல்வெட் ரவிக்கையிலிருந்து வெட்டிய துணி. குறுக்கே தேய்க்காமல் வரிகள் ஓடும் வழியிலேயே சுற்றித் துடைப்பாள். நடுவிலிருக்கும் காகித லேபிளில் ஒரு பொட்டு ஈரம் படக்கூடாது என்பதற்காக, ஒரு எவர்சில்வர் சம்படத்தின் மூடியில் சைக்கிள் ட்யூப் ரப்பரை ஒட்டி, அதை லேபிள்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். கழுவியதைத் தட்டு ஸ்டாண்டில் நிழலில் நிறுத்துவாள். அந்த நாட்களில் சாப்பாட்டுத் தட்டுகள் எல்லாம் மேஜையில் அடுக்கிக் கிடக்கும். பழைய பிளாஸ்டிக் உறைகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, வழவழத் தாளில் தானே உறை வெட்டினாள். பிளேயருக்கு ஊசியும் பெல்ட்டும் தேடிப் போவதற்கு முன்பே தட்டுகள் அத்தனையும் தயார்.

அப்படித் தயாராக நின்ற பெட்டிகளைத்தான் ஜம்புநாதன் வேனில் ஏற்றிவிட்டிருந்தார். முப்பது வருஷமாக அந்த ஊரில் இருந்தும் அவரை ப்ளாக்கில் 'மத்ராஸி பாபு' என்றுதான் சொல்வார்கள். பூஜைக் கமிட்டியில் ஒரு நாற்காலி வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெகுநாளாக உண்டு. ஆசைப்படட்டும், தப்பில்லை. தன்னுடைய எதையாவது கொடுத்து ஆசைப்பட்டிருக்கலாம் என்று, மாமியார் பின்னால் நடக்க முடியாமல் நடந்த மாதங்கி நினைத்துக்கொண்டாள்.

ப்ளாக் மைதானத்தில் பந்தல் பாதி எழும்பியிருந்தது. மூங்கில் சாரத்தில் ஆட்கள். ஒரு மூலையில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவன் இடுக்கியால் ஒரு இசைத்தட்டைப் பிடித்து அதில் முக்கினான். துவண்டுபோனதை எடுத்து ஒரு மர அச்சின்மேல் கவிழ்த்து அழுத்தினான். தட்டு தாமரை இதழாக வளைந்தது. பக்கத்தில் கறுப்பு இதழ்கள் குவியலாகக் கிடந்தன.

ஜலஜா அப்படியே நின்றாள். மாதங்கி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிமலேந்து பாபு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "வாருங்கள் பௌதி! உங்கள் வீட்டுத் தட்டுகள் மாதிரி ஒன்று வேறெந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. என்ன பளபளப்பு! எங்கள் ஆர்ட்டிஸ்ட் பார்த்த உடனே, முன்வளைவுக்கு இதுதான் என்று சொல்லிவிட்டார்." அண்ணி என்ற அந்த மரியாதையில் குறை ஒன்றும் இல்லை.

"பளபளப்பா?" என்றாள் ஜலஜா வங்காளியில். "கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டி அலங்காரம் செய்து வைத்தால், நீங்கள் கொண்டுவந்து கொதிக்கிற தண்ணீரில் போடுகிறீர்கள். என் தட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள்."

"திருப்பியா? பௌதி, பாபுதானே சந்தோஷமாகக் கொடுத்தார்! பாருங்கள், பெயர்கூட எழுதியாகிவிட்டது." பெயிண்ட் காயாத ஒரு பலகையைக் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கான், மாதங்கி?"

வங்காளிப் பள்ளியில் படித்த மாதங்கிக்கு அதைப் படிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. சொல்லத்தான் நேரம் ஆனது. "'இசைத்தட்டுகள் வழங்கிய பெருமக்கள்'னு போட்டிருக்கு, அம்மா. முதல் பேர் அப்பாவோடது."

"என் பேரு?"

"இல்லை."

"ஓஹோ," என்றாள் ஜலஜா. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "பிமலேந்து பாபு, எங்கள் வீட்டில் நவமியன்று சரஸ்வதி பூஜை. புத்தகம், வாத்தியம் எல்லாம் பூஜையில் வைக்கவேண்டும். விஜயதசமி காலையில் எடுத்து வாசிக்கவேண்டும். என் தட்டு இல்லாமல் எதை வைப்பேன்?"

அவர் குழம்பினார். "சரஸ்வதி பூஜை மாக மாதம் அல்லவா? இன்னும் நாலு மாதம் இருக்கிறதே!"

"உங்களுக்கு மாகத்தில் வருவாள். எங்கள் வீட்டுக்கு நவமிக்கு வருகிறாள்."

"அப்படியானால் இன்னும் நல்லது!" அவர் முகம் மலர்ந்தது. "துர்கா அம்மாவுக்குப் பக்கத்தில் சரஸ்வதியும் இங்கே நிற்கப்போகிறாளே. உங்கள் தட்டுகளுக்கு இங்கேயே பூஜை நடக்கும். ஊரே வந்து கும்பிடும்."

"அந்த சரஸ்வதி கையில் வீணை இருக்குமா, இருக்காதா?"

"இருக்கும்."

"அதைப் பிடுங்கி வாசலில் ஆணி அடிப்பீர்களா?"

சாரத்தில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்கள். பிமலேந்து பாபு தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு வாரமாகத் தூங்காதவர். "பௌதி, எத்தனையோ வீட்டுத் தட்டுகள் கலந்துவிட்டன. உறையெல்லாம் அதோ குப்பையில். உங்களுடையது எது என்று யாரால் சொல்ல முடியும்?"

"என்னால் முடியும்."

குவியலிலிருந்து ஒரு இதழை எடுத்தாள் ஜலஜா. நடுவில் வளைந்துபோன லேபிளின் ஓரத்தில், காய்ந்த சந்தனத்தின் மங்கலான மஞ்சள் வட்டம், அதற்குள் குங்குமத்தின் கறை. பிளேயர் ஓடிய காலத்தில் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அவள் வைத்த பொட்டு. வரிகளில் படாமல், லேபிளின் ஓரத்தில் மட்டும் வைப்பாள். மழைக்காலத்தில் அத்தனை தட்டையும் கழுவியபோதும் லேபிளை நனைக்காததால் அது அழியவில்லை; இப்போது கொதிநீர்தான் அதை மங்கவைத்திருந்தது.

"எந்த வங்காளி வீட்டு ரெக்கார்டில் இந்தப் பொட்டு இருக்கிறது, காட்டுங்கள்," என்றாள். "இருந்தால் அதையும் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள், நான் போய்விடுகிறேன்."

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அண்டாவின் பக்கத்தில் முறைக்குக் காத்திருந்த அடுக்கிலும் மஞ்சள் பொட்டுகள் இருந்தன. ஜலஜா குனிந்து அவற்றை ஒவ்வொன்றாக, விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டு எடுத்து மாதங்கி கையில் நிறுத்தினாள். அண்டாக்காரன் இடுக்கியோடு ஒதுங்கிக்கொண்டான்.

அதற்குள் ஜம்புநாதன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ஜலஜா, எல்லாரும் பாக்கறா. என் மானம் போறது."

"அது எங்கேயும் போகாது. பலகைல பெயிண்ட்ல எழுதியிருக்கா." அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அடுக்கை மறுபடி பார்த்தாள். "வீணை இல்லையே. வீணை எங்கே?"

மாதங்கிதான் முதலில் பார்த்தாள். முன்வளைவின் உச்சியில், நடு ஓட்டை வழியாக ஆணி அடித்து, ஒரு தட்டு தொங்கியது. வீணைத் தட்டின் சிவப்பு லேபிள். மறு நிமிஷம் அந்த இடம் கண் கூசும்படி வெளுத்தது. எலக்ட்ரீஷியன் ஹாலஜன் விளக்கைச் சோதித்துப் பார்க்கிறான். விளக்குக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

ஜலஜா ஏதோ சொன்னாள், ஜெனரேட்டர் சத்தத்தில் எடுபடவில்லை. பிமலேந்து பாபு கையை ஆட்டினார், எலக்ட்ரீஷியன் அதை சபாஷ் என்று எடுத்துக்கொண்டான். தட்டின் மேல் விளிம்பு மெல்லத் தலை குனிவது மாதங்கிக்குத் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் எதிரே அவள் குரலை உயர்த்தியதில்லை. பள்ளியிலும் கையைத் தூக்காத பெண் அவள். அன்றைக்கு, அடிவயிற்றிலிருந்து, பந்தலே திரும்பிப் பார்க்கும்படி வங்காளியில் கத்தினாள்.

"லைட்டை அணை! அணைங்கறேன்ல!"

விளக்கு அணைந்தது. ஜம்புநாதன் மருமகளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தட்டையாக மிஞ்சியவற்றால் ஒரு பெட்டிகூட நிறையவில்லை. நாகஸ்வரம் பெரும்பாலும் தாமரையாகிவிட்டது. பிமலேந்து பாபு உண்மையாகவே வருத்தப்பட்டு, ஒரு இதழை ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். "வேண்டாம்," என்றாள் ஜலஜா. "பாபு பெயரில் கொடுத்தது பாபு பெயரிலேயே இருக்கட்டும். பெரியவர்களின் பெருந்தன்மையில் நான் கை வைக்கக்கூடாது." திரும்பி வரும் வழியில் ஜம்புநாதன் பெட்டியைத் தான் தூக்குவதாகச் சொன்னார். அவள் தரவில்லை.

வீணைத் தட்டின் விளிம்பு அலை அலையாக நெளிந்திருந்தது. ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சிய தடித்த கண்ணாடிகள் இரண்டுக்கு நடுவே அதை வைத்து, மேலே அரிசி டின்னை ஏற்றினாள் ஜலஜா. "இப்போ மட்டும் பாரம் வெக்கலாமா?" என்று ஜம்புநாதன் கேட்டார். "ஒடிஞ்ச எலும்புக்குக் கட்டுப் போடறதும், நல்ல கையை முறுக்கறதும் ஒண்ணா?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த டின்னுக்கு அரை அடி தள்ளியே அவர் நடந்தார். அனந்த் ஆபீஸிலிருந்து வந்து கதையைக் கேட்டுவிட்டு, "அம்மா, எல்லாத்தையும் சி.டி.ல போட்டா இந்த வம்பே இல்லை," என்றான். மாதங்கி அவனை உள்ளே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு, பட்டுத் துணி விரித்த பலகையில், புத்தகங்களுக்குப் பக்கத்தில் பிளேயரும் தட்டுகளும் நின்றன. பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. வெளியே மைதானத்தில் டாக் மேளம் அதிர்ந்தது. பந்தலுக்கு ஏதோ பரிசு கிடைத்ததாகவும், முன்வளைவின் தாமரைகளைப் பேப்பரில் போட்டோ போட்டதாகவும் பால்காரர் வந்து சொன்னார். ஜம்புநாதன் அந்தப் பேப்பரை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

விஜயதசமி காலை. ஜலஜா குளித்து, ஈரக்கூந்தலில் துண்டோடு வந்து உட்கார்ந்தாள். வெல்வெட் துணியால் ஊசியின் தூசியைத் தட்டினாள். இரண்டாம் பக்கத்தைப் போட்டாள். தட்டு சுற்றும்போது ஒரு பக்கம் ஏறி இறங்கியது. ஊசியும் அதோடு ஏறி இறங்கியது, ஆனால் தாண்டவில்லை. பைரவி கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே எழுந்தது. சமையலறை வாசலில் நின்ற மாதங்கி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஜலஜா, காபி ஆச்சா?" என்று உள்ளேயிருந்து குரல். ஜலஜா ஊசியைத் தூக்கினாள். காபி கொடுத்துவிட்டு வந்து மறுபடி வைத்தாள். டெலிபோன். நியூ டவுனில் யாரோ ஃப்ளாட் புக் செய்திருக்கிறார்களாம், கிருகப்பிரவேசத்துக்கு சமையல்காரர் வேண்டுமாம். பேசிவிட்டு வந்தாள். ஆலாபனை தாண்டித் தானம் தொடங்கியபோது வாசல் மணி அடித்தது. எதிர் ஃப்ளாட் லக்ஷ்மி மாமி, கொலு பார்க்க, அழைத்ததற்கு ஐந்து நாள் தள்ளி.

வெற்றிலை பாக்கு, சுண்டல் எல்லாம் கொடுத்து அனுப்பிவிட்டு ஜலஜா மறுபடி வந்து உட்கார்ந்தாள். ஊசியை எடுத்தாள். வைக்கவில்லை. பந்தலில் அத்தனை பேர் எதிரே கலங்காதவள், ஊசித் தண்டைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாதங்கி, இங்கே வா. உன்னை ஒண்ணு கேக்கறேன்."

"சொல்லுங்கோம்மா."

"இந்தப் பக்கம் முடியற வரைக்கும் யார் வந்து கேட்டாலும், அப்பாவே கேட்டாலும், அம்மா ஆத்துல இல்லைன்னு சொல்றியா?"